சோற்று அண்டாவும் ஆப்பிரிக்கப் பட்டாளமும்

“மூடியத் திறங்க.”

மீசை வைத்த மலாய்ப் போலீஸ்காரர் லாரியின் பின்பக்கம் வந்து நின்று மலாயில் சொன்னார். ஞானப்பூ அக்கா அண்டாவின் மூடியை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார்.

நெய்ச்சோற்றின் ஆவி குப்பென்று கிளம்பியது. பாண்டான் இலை, ஏலக்காய், பொரித்த வெங்காயம் எல்லாம் சேர்ந்த வாசனை. போலீஸ்காரர் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்ததை நான் பார்த்தேன். அப்புறம் அவருக்குக் கடமை ஞாபகம் வந்துவிட்டது.

“ஆளுங்க போகலாம். சோறு போகக் கூடாது.”

“அடுத்த அண்டாவுல ஆட்டுக்கறி இருக்கே?” என்றார் அக்கா.

“அதுவும் கூடாது. அந்தப் பெட்டியில என்ன?”

“ஆர்மோனியம்,” என்றேன் நான்.

அவர் நம்பவில்லை. துருத்தியை இழுத்து ஒரு கட்டையை அமுக்கிக் காட்டினேன். பக்கத்து மரத்திலிருந்து இரண்டு மைனாக்கள் அலறிக்கொண்டு பறந்தன.

“இது போகலாம்,” என்றார் போலீஸ்காரர்.

ஜாசினைத் தாண்டி, ஜொகூர் எல்லையை ஒட்டிய ரப்பர்த் தோட்டத்துச் சாலை அது; ரப்பரை எங்கள் பேச்சில் கித்தா என்போம். சாலைக்குக் குறுக்கே முள்கம்பி சுற்றிய ஒரு கேட். அதற்கு அந்தப் பக்கம் இரண்டு மைல் போனால், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கப் பட்டாளத்தின் முகாம். மறுநாள் காலையில் அந்தப் பட்டாளம் மொத்தமும் கப்பலேறப் போகிறது. அவர்களுக்கு ஒருவேளை விருந்து வைத்து, ஜெபம் பண்ணி, வழியனுப்பிவிட்டு வருவதற்காகத்தான் மலாக்காவின் காஜா பெராங்கிலிருந்து எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபையார் ஒரு லாரி நிறையக் கிளம்பி வந்திருந்தோம்.

இப்போது நாங்கள் போகலாம், சோறு போகக் கூடாது என்கிறார்கள்.

போன வாரம் இந்தப் பகுதியில் எங்கள் வீட்டு ஆர்மோனியத்தைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? புக்கிட் ரம்பாயிலிருந்து ஒரு வாசகி கூப்பிட்டு, “டீச்சர், அந்தப் பெட்டிய எங்கெங்க தூக்கிட்டுப் போயிருக்கீங்க?” என்று கேட்டார். கல்யாண வீடு, துக்க வீடு, தோட்டத் தொழிலாளர் லயம் என்று எத்தனையோ இடம். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இந்தக் கேட்தான்.

கடலைப் பார்க்க வந்தவர்

ஆப்பிரிக்கப் பட்டாளத்துக்கும் காஜா பெராங் சபைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

மெர்டேகாவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, கொஞ்ச காலம் முந்தி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. நான் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் சபையில் பாட்டு என்றால் பெண்கள் கீச்சென்று ஆரம்பிப்பார்கள், ஆண்கள் உதட்டை மட்டும் அசைப்பார்கள். அன்றைக்கு இரண்டாவது சரணத்தில், கோயிலின் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் புறப்பட்டது. தரையிலிருந்து வருவதுபோல அவ்வளவு ஆழமான குரல். மெட்டு எங்கள் மெட்டுதான். பாஷைதான் என்னவென்று தெரியவில்லை.

சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. பச்சைச் சீருடையில் ஒரு ஆப்பிரிக்கச் சிப்பாய். காட்டுத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு பாடினார். எல்லாரும் நிறுத்திவிட்டது தெரியாமல் அவர் மட்டும் பாடிக்கொண்டிருந்தார். நான் ஆர்மோனியத்தை நிறுத்தவில்லை. அந்தச் சரணத்தை நாங்கள் இரண்டு பேர் மட்டும் முடித்தோம்.

அவர் பெயர் ஏனோக். சார்ஜெண்ட். தெற்கு ஆப்பிரிக்கப் பக்கத்தில், கடலே இல்லாத ஒரு நாட்டிலிருந்து வந்தவர். ஊரில் சின்ன சபை ஒன்றில் பிரசங்கம் செய்தவராம். அன்றைக்கு லீவில் மலாக்காவுக்கு வந்ததே கடலைப் பார்க்கத்தான்.

“கப்பல்ல வரும்போது பார்க்கலையா?” என்று கேட்டார் எங்கள் போதகர் ஆபிரகாம் ஐயா, ஆங்கிலத்தில்.

“வரும்போது பயத்துல கண்ண மூடிக்கிட்டே வந்தேன் ஐயா. இன்னைக்குத் தரையில நின்னு தைரியமாப் பார்க்கலாம்னு வந்தேன்.”

அவர் லேசாக நொண்டி நடந்தார். அதைக் கவனித்தது என் அப்பா.

அப்பா மலாக்கா ஆஸ்பத்திரியில் டிரெஸர், புண் கழுவி மருந்து கட்டுகிறவர். ஊரில் எல்லாருக்கும் அவர் ‘டிரெஸர் ஐயா’தான். யாராவது நொண்டினால், சொறிந்தால், இருமினால் அவர் கண் தானாக அங்கே போய்விடும். ஆராதனை முடிந்ததும் ஏனோக்கிடம் போய், “பூட்ஸைக் கழற்று,” என்றார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. கணுக்காலில் அட்டை கடித்த இடம் சீழ் பிடித்திருந்தது. எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்து, வெந்நீர் வைத்துக் கழுவி, மருந்து போட்டுக் கட்டினார். அம்மா கோப்பி கொண்டு வந்தார். அந்த மனிதர் எங்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் நாற்காலி முனகியது. அம்மாவுக்குச் சிரிப்பு வந்து உள்ளே ஓடிவிட்டார்.

அப்புறம் சார்ஜெண்ட் ஏனோக் சபைக்குச் சொல்லி அனுப்பினார். முகாமில் ஞாயிறுதோறும் தாங்களே ஆராதனை நடத்துகிறோம், நீங்கள் ஒருமுறை வர முடியுமா என்று. ஒருமுறை போனோம். பிறகு மாதம் ஒருமுறை என்று வழக்கமாகிவிட்டது.

எங்களிடம் வண்டி கிடையாது. பல தலைமுறைக்கு முன்பே வந்து தமிழை மறந்துவிட்ட மலாக்காச் செட்டிகளின் ஊரான பக்கத்துக் கம்போங் செட்டியில் பாக் நாரா என்று ஒருவர் லாரி வைத்திருந்தார். நாராயணன் என்ற பெயரை அந்தப் பக்கத்து வழக்கப்படி ‘நாரா’ என்று சுருக்கி, மலாயில் ஐயா என்பதற்கு ‘பாக்’ சேர்த்துவிட்டார்கள். நெற்றியில் திருநீறு, வாயில் அவர்களுடைய மலாய். தமிழில் சாமி, பூசை மாதிரி நாலைந்து வார்த்தைதான் தெரியும். வார நாளில் தேங்காய் ஏற்றும் லாரியில் ஞாயிற்றுக்கிழமை எங்களை ஏற்றிக்கொள்வார். ஜெப வேளையில் லாரிப் படியில் உட்கார்ந்து சுருட்டுப் பிடிப்பார். ஏனோக்கின் ஆட்கள் பாட ஆரம்பித்தால் மட்டும் சுருட்டை அணைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவார்.

அவர்கள் பாடுவதைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. வாத்தியம் எதுவும் வேண்டாம். ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் நாலு குரலாகப் பிரிந்து வாங்கிக்கொள்வார்கள். கால் தானாகத் தாளம் போடும். முதல் தடவை எங்கள் ஆட்கள் மரம்போல நின்றோம். மூன்றாவது தடவை ஞானப்பூ அக்கா கைதட்டினார். திரும்பி வரும்போது போதகர் ஐயாவிடம், “கைதட்டுனது தப்பாங்கய்யா?” என்று கேட்டார். ஐயா கொஞ்ச தூரம் யோசித்துவிட்டு, “நானும் தட்டினேன், ஞானப்பூ,” என்றார்.

வழியனுப்ப வராத அப்பா

அந்த முகாமுக்கு அப்பா ஒருமுறைகூட வந்ததில்லை. ஆனால் ஏனோக் டவுனுக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வருவார். இரண்டு பேரும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மழை வந்தால் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் அவர்கள் சிநேகிதம்.

பட்டாளம் ஊருக்குத் திரும்பப் போகிறது என்று தெரிந்ததும் சபையில் தீர்மானித்தார்கள்: கடைசியாக ஒருமுறை போய், நம் கையால் சமைத்துப் போட்டு, வழியனுப்ப வேண்டும்.

“நீங்களும் வாங்கப்பா,” என்றேன்.

அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார்.

“விடு எஸ்தர்,” என்றார் அம்மா. “உங்கப்பா வழியனுப்ப எங்க வந்திருக்காரு?”

அது உண்மைதான். யார் ஊருக்குப் போனாலும், யார் பஸ் ஏறினாலும், அந்த நேரம் பார்த்து அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை வந்துவிடும். அதற்குக் காரணம் எனக்குத் தெரியும். வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை.

எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். சாமுவேல். ஜப்பான்காரன் காலத்தில் நான் சின்னப் பிள்ளை, அண்ணனுக்கு மீசை அரும்பிய வயது. ஒருநாள் எண்ணெய் வாங்கக் கடைக்குப் போனவனை ரோட்டிலேயே பிடித்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். சயாமுக்கு, ரயில் பாதை போட. ஆஸ்பத்திரிக்கு ஆள் போய்ச் சொல்லி, அப்பா போட்டிருந்த உடுப்போடு ஓடி வந்து சேர்ந்தபோது லாரி போய்விட்டது. ரோட்டில் கொஞ்சம் பேர் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். அப்பா அவர்களைத் தாண்டி, லாரி போன திசையில் வெகுதூரம் ஓடினாராம்.

அண்ணன் திரும்பவில்லை. எங்கே, எப்போது என்று சொல்ல வந்தவர்களும் யாரும் இல்லை. அதற்குப் பிறகு அப்பா அண்ணன் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மா தனியாக ஜெபத்தில் சொல்வார். அப்பா உள்ளே வந்தால் நிறுத்திக்கொள்வார்.

ஆகவே அப்பா வரமாட்டார் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஜாசின் வரைக்கும்

விருந்துக்கான பொறுப்பு ஞானப்பூ அக்காவினுடையது. அவர் புருஷன் டவுன் கவுன்சிலில் வேலை செய்தார். வீட்டில் ஆறு பிள்ளைகள். நூறு பேருக்குச் சமைப்பது அவருக்கு ஆறு பேருக்குச் சமைப்பதைவிடச் சுலபம். “நூறு பேருன்னா யாரும் எனக்கு இது வேணாம் அது வேணாம்னு சொல்லமாட்டாங்க,” என்பார்.

அன்றைக்குக் காலையில் கோயிலின் பின்பக்கம் ஒரே புகை. பாக் நாராவின் மனைவி ஒரு பெரிய தட்டு நிறைய, வாழையிலையில் மடித்த பலகாரம் கொடுத்தனுப்பியிருந்தார். “கப்பல்ல போறவங்களுக்கு இனிப்பு குடுத்தனுப்பணும்னு சொன்னா,” என்றார் பாக் நாரா மலாயில்.

அண்டாக்களை லாரியில் ஏற்ற ஆள் போதவில்லை. அப்பா எதிர்ச்சாரியில் பேப்பர் வாங்க வந்திருந்தார். அக்கா ஒரே சத்தம் போட்டார்.

“டிரெஸர் ஐயா! ஒரு கை பிடிங்க!”

அப்பா வந்து பிடித்தார். சோற்று அண்டாவை மேலே ஏற்றியதும், உள்ளே தள்ள அவரும் ஏற வேண்டியதாகிவிட்டது. ஏறியவரை அக்கா இறங்க விடவில்லை.

“அப்படியே பிடிச்சுக்கிட்டு உக்காருங்க. வளைவுல சாஞ்சுதுன்னா அத்தனையும் போச்சு. இங்க இருக்கிற பிள்ளைங்களுக்கு அண்டா பிடிக்கத் தெரியாது.”

அப்பா சாரத்தோடும் பனியனோடும் இருந்தார். என்னைப் பார்த்தார். நான் வேறு எங்கோ பார்த்தேன்.

“ஜாசின் வரைக்கும் வர்றேன்,” என்றார். “அங்கருந்து ரோடு நேரா இருக்கும். நான் பஸ்ல திரும்பிடுவேன்.”

“சரிங்க ஐயா. சட்டை?”

யாரோ ஓடிப்போய் அம்மாவிடம் சட்டையும் கால்சட்டையும் வாங்கி வந்தார்கள். அம்மா சீப்பையும் சேர்த்துக் கொடுத்தனுப்பியிருந்தார்.

ஜாசின் வந்தது. பாக் நாரா லாரியை நிறுத்தினார். பஸ் நிற்கும் இடம் எதிரிலேயே இருந்தது. ஒரு பஸ்ஸும் நின்றது. அப்பா இரண்டு கையாலும் அண்டாவைக் கட்டிப் பிடித்தபடி பஸ்ஸைப் பார்த்தார்.

“அண்டா இன்னும் ஆடுது,” என்றார். “போகச் சொல்லு.”

லாரி கிளம்பியது. ஞானப்பூ அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்பா கேட்ட கேள்வி

இனி கேட்டுக்குத் திரும்புவோம்.

மெர்டேகா வந்து சில மாதம் ஆகியிருந்தாலும் அவசர காலம் முடிந்திருக்கவில்லை. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்ச் சேரக் கூடாது என்று சட்டம். மலாக்கா டவுன் பக்கம் கெடுபிடி தளர்ந்து வெகுநாள் ஆகிவிட்டதால் நாங்கள் அதை மறந்தே போயிருந்தோம். அந்த வழியில் முன்பு கேட் கிடையாது. அந்த வாரம்தான் புதிதாகத் தேடுதல் வேட்டை தொடங்கி, கேட்டைப் போட்டிருந்தார்கள்.

போதகர் ஐயா தன் ஆங்கிலம், மலாய் இரண்டையும் செலவழித்துப் பார்த்தார். “இது ராணுவத்துக்குப் போற சாப்பாடு, வேற யாருக்கும் இல்ல.”

“முகாம் வரைக்கும் ரோடு கித்தாக் காட்டுக்குள்ளதான் போகுது ஐயா. நடுவுல யாராவது பிடுங்கிக்கிட்டா நான் என்ன பதில் சொல்றது?”

ஞானப்பூ அக்கா சந்தையில் கற்ற தன் பாசார் மலாயில் இறங்கினார். போலீஸை அதில் ‘மாத்தா’ என்பார்கள். “என்னாங்க மாத்தா, காலையிலருந்து புகையில நின்னிருக்கேன். கண்ணப் பாருங்க, எப்படிச் செவந்திருக்கு!”

போலீஸ்காரர் கண்ணைப் பார்த்தார். “பாவம்தான்மா. சட்டம் சட்டம்தான்.”

“தாப்பா லா,” என்றார் பாக் நாரா. பரவாயில்லை என்று அர்த்தம். ஆனால் அவர் முகத்தில் பரவாயில்லை இல்லை.

சோறில்லாமல் ஆட்கள் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று பேச்சு வந்தது. அப்படியானால் சோறு? கேட் ஓரத்தில் வைத்துவிட்டு வெறுங்கையோடு போய் நிற்பதா? அக்கா சாலையோரத்துக் கல்லில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் லாரியிலிருந்து அப்பா இறங்கினார். தலையைச் சீவிக்கொண்டு போலீஸ்காரரிடம் நேராகப் போனார்.

“சோறு உள்ள போகக் கூடாது.”

“கூடாது.”

“ஆளு வெளிய வரலாமா?”

போலீஸ்காரர் மீசையைத் தடவினார். கேட்டைப் பார்த்தார். சோற்றைப் பார்த்தார். பிறகு மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு மெல்லப் பரவியது.

“ஆளு வெளிய வரக் கூடாதுன்னு எனக்கு யாரும் சொல்லலியே!”

காவல் கொட்டகையில் முகாமோடு பேசும் தொலைபேசி இருந்தது. அப்பாவே பேசினார். ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர்களோடு பழகிய ஆங்கிலம். நான் கொட்டகை வாசலில் நின்று கேட்டேன்.

“நாங்கள் மலாக்காவிலிருந்து வந்திருக்கும் சபையார். உங்கள் சிப்பாய்களுக்கு விடைகொடுக்க வந்தோம். உணவோடு உள்ளே வர அனுமதியில்லை. அவர்களை இங்கே அனுப்பினால் உணவு வீணாகாது.” அப்பாவின் கை தொலைபேசிக் கம்பியைச் சுற்றிச் சுற்றி முறுக்கியது. “நாளைக்கு அவர்கள் போய்விடுவார்கள், சார். இன்றைக்கு விட்டால் வேறு நாள் இல்லை.”

அந்தப் பக்கம் இருந்த அதிகாரி என்ன சொன்னார் என்று வெளியே வந்ததும் கேட்டோம்.

“பார்க்கிறேன்னு சொன்னாரு,” என்றார் அப்பா.

ரோட்டோரப் பந்தி

வெயில் ஏறியது. பாக் நாரா லாரியை மர நிழலுக்கு நகர்த்தினார். அக்கா அண்டாவின் மேல் வாழையிலையைப் பரப்பி, அதன் மேல் சாக்கை மூடி, சூடு போகாமல் பார்த்துக்கொண்டார். பட்டாளத்து அதிகாரி ‘பார்க்கிறேன்’ என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

அப்பா கேட்டின் முள்கம்பிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கேட்டுக்கு அந்தப் பக்கம் ரோடு கித்தா மரங்களுக்குள் வளைந்து மறைந்தது. அவர் அந்த வளைவையே பார்த்தார். “நிழலுக்கு வாங்கப்பா,” என்றேன். அசையவில்லை.

முதலில் கேட்டது பாட்டுதான்.

மெலிதாக, எங்கிருந்தென்று தெரியாமல். பிறகு பல கால்கள் ஒன்றாகத் தரையில் விழும் சத்தம். பாக் நாரா சுருட்டைக் கீழே போட்டு மிதித்தார். வளைவைத் திரும்பி வரிசை வரிசையாக அவர்கள் வந்தார்கள். முன்னால் சார்ஜெண்ட் ஏனோக். தேய்த்த சீருடை, பளபளக்கும் பூட்ஸ். அந்த வெயிலில் இரண்டு மைல் அணிவகுத்து நடந்து, பாடிக்கொண்டே வந்தார்கள். எங்கள் சபையில் அவர் முதல் நாள் பாடிய அதே பாட்டு.

நான் லாரியில் ஏறி ஆர்மோனியத்தைத் திறந்தேன். அவசரத்தில் சுருதி தப்பியது. யாருக்குக் கவலை? எங்கள் பெண்கள் தமிழில் சேர்ந்துகொண்டார்கள். உதட்டை மட்டும் அசைக்கும் ஆண்களும் அன்றைக்கு வாய்விட்டுப் பாடினார்கள். போலீஸ்காரர் கேட்டை அகலமாகத் திறந்துவிட்டு, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

கித்தா மரத்தடியில் சருகைத் தள்ளிவிட்டு இரண்டு வரிசையாக வாழையிலை போட்டோம். சப்பணம் போட்டு உட்காரத் தெரியாமல் அந்த நெடிய கால்களை வைத்துக்கொண்டு அவர்கள் பட்ட பாடு! ஆனால் கையால் சாப்பிடச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. “எங்க ஊர்லயும் கையாலதான்,” என்றார்கள். நெய்ச்சோற்றை உருட்டிக் கறிக்குழம்பில் தொட்டு வாயில் போட்டார்கள். ஞானப்பூ அக்காவின் குழம்பு காரம். ஒரு இளம் சிப்பாய்க்குக் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

“வேணாம்னா வச்சிரு தம்பி,” என்றார் அக்கா பதறிப்போய்.

அவன் இலையைக் கையால் மறைத்துக்கொண்டு வேகமாகத் தலையாட்டினான். யாரும் எடுத்துவிடக் கூடாதாம்.

போலீஸ்காரர்கள் தள்ளியே நின்றார்கள். அக்கா விடவில்லை.

“மாத்தா, வாங்க. ஆட்டுக்கறி பாசார்ல பாய் கடையில அறுத்து வாங்குனது. தாராளமா சாப்பிடலாம்.”

மீசைக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு ஏனோக்கின் பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்றாவது தடவை சோறு வாங்கும்போது அக்காவைப் பார்த்துச் சொன்னார்:

“நல்லவேளை, உள்ள விடல.”

அத்தனை பேரும் சிரித்த சிரிப்பு கித்தாக் காட்டுக்குள் எவ்வளவு தூரம் போயிருக்குமோ தெரியாது.

பாக் நாரா தன் மனைவி கொடுத்த பலகாரத்தை ஒவ்வொருவர் கையிலும் தானே வைத்தார். வாங்கிய ஒவ்வொருவரும் இரண்டு கையையும் சேர்த்துத் தட்டி நன்றி சொன்னார்கள், அது அவர்கள் வழக்கம். அவரும் பதிலுக்குக் கைதட்டினார். கடைசி ஆள் வருவதற்குள் அது ஒரு தாளமாகவே ஆகிவிட்டது.

அப்பா சொல்லிக் கொடுத்த வார்த்தை

போதகர் ஐயா ஜெபித்தார். ஏனோக் அவர்கள் பாஷையில் ஜெபித்தார். பிறகு ஏனோக் எழுந்து ஆங்கிலத்தில் பேசினார்.

“எங்க ஊர்ல பிரியும்போது ரெண்டு வார்த்தை உண்டு. போறவன் சொல்றது ஒண்ணு, இருக்கிறவன் சொல்றது ஒண்ணு. நாங்க உங்களப் பார்த்து, ‘சாராய் ஸ்வகநாக்கா’ன்னு சொல்லணும். நல்லா இருங்கன்னு அர்த்தம். நீங்க எங்களப் பார்த்து, ‘ஃபம்பாய் ஸ்வகநாக்கா’ன்னு சொல்லணும். நல்லபடியாப் போங்கன்னு அர்த்தம்.”

நாங்கள் சொல்லிப் பார்த்தோம். நாக்கு புரளவில்லை. அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அப்பா அதுவரை பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கூஜாவைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார்.

“எங்க பாஷையில போறேன்னு சொல்லமாட்டாங்க, சார்ஜெண்ட்.”

“பின்ன எப்படிச் சொல்லுவீங்க?”

“போயிட்டு வரேன்.”

ஏனோக்குக்கு அதன் அர்த்தத்தை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் அப்பா பக்கம் திரும்பினார்.

“எங்க ஊரு ரொம்பத் தூரம், ஐயா. நாங்க திரும்பி வர மாட்டோம்.”

“தெரியும்,” என்றார் அப்பா. “இருந்தாலும் சொல்லணும். சொல்லிட்டுப் போங்க.”

ஏனோக் தன் ஆட்களிடம் திரும்பி அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். அத்தனை பேரும் நிமிர்ந்து நின்றார்கள். அப்பா ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தார். அவர்கள் திருப்பிச் சொன்னார்கள்.

“போய்த்து வாரேன்!”

கித்தா மரங்கள் அதிர்ந்தன. அப்பா பின்பக்கம் போகவில்லை. போவதற்கு அங்கே பின்பக்கமும் இல்லை. வரிசையின் முதல் ஆளிடம் போய்க் கையைப் பிடித்து, “போயிட்டு வாப்பா,” என்றார். அடுத்தவனிடம் போனார். “போயிட்டு வாப்பா.” ஒருவரையும் விடவில்லை. காரத்தில் கண் கலங்கிய அந்தச் சின்னப் பையனின் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டார். கடைசியில் ஏனோக். இரண்டு பேரும் வழக்கம்போல ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. ஏனோக் மண்டியிடுவதுபோல முழங்காலை மடக்கி, அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அவர்கள் பாடிக்கொண்டே திரும்பிப் போனார்கள். வளைவில் கடைசி வரிசை மறையும்வரை அப்பா கையை ஆட்டிக்கொண்டே நின்றார். நாங்கள் அண்டாவைக் கழுவி, இலைகளை அள்ளி, எல்லாம் ஏற்றி முடித்த பிறகுதான் லாரிக்கு வந்தார்.

“போகலாம்,” என்றார். முகம் கழுவியதுபோல இருந்தது.

ஜாசின் கோப்பிக் கடை

பாதி வழியில்தான் தெரிந்தது, எங்களில் ஒருவரும் சாப்பிடவில்லை. பரிமாறிப் பரிமாறி அத்தனையும் தீர்ந்துவிட்டது. போதகர் ஐயாவின் வயிறு சத்தம் போட்டது லாரியின் இரைச்சலையும் மீறிக் கேட்டது.

ஜாசினில் ஒரு சீனர் கோப்பிக் கடையில் இறங்கினோம். ரோத்தி, காயா ஜாம், கோப்பி. ஒரு வாய் கடித்ததும் ஞானப்பூ அக்கா பெருமூச்சு விட்டார்.

“அடியில ஒட்டுனதுகூட மிச்சமில்ல ஐயா. என்னா சாப்பாடு சாப்பிட்டாங்க!”

“சாமு இருந்திருந்தா அவனுங்களுக்கே பத்தியிருக்காது,” என்றார் அப்பா.

என் கையில் இருந்த கோப்பித் தட்டு அப்படியே நின்றது. அப்பா ரோத்தியைக் கோப்பியில் நனைத்தபடி, சாதாரணமாகப் பேசிக்கொண்டே போனார்.

“ஒரு வருஷம் நம்ம கோயில் அசன விருந்து. மொதப் பந்தியில உக்காந்து சாப்பிட்டான். எழுந்து போயி சட்டைய மாத்திட்டு வந்து ரெண்டாவது பந்தியில உக்காந்தான். மூணாவது பந்திக்கு என் கண்ணாடிய எடுத்து மாட்டிக்கிட்டு வந்துட்டான். அப்ப இருந்த போதகருக்குப் பார்வை கம்மி. அவரே சோறு வச்சிக்கிட்டு, ‘தம்பி எந்த எஸ்டேட்டு?’ன்னு கேக்குறாரு. இவன் தலையக் குனிஞ்சுக்கிட்டு, ‘புக்கிட் காதில் பக்கம் ஐயா’ங்கிறான். அங்க ஏதுடா எஸ்டேட்டு! நான் பக்கத்துல சாம்பார் வாளியோட நிக்கிறேன். சிரிப்பு தாங்கல. வாளிய அவன் மடியிலயே கவுத்துட்டேன்.”

ஞானப்பூ அக்கா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். போதகர் ஐயாவுக்குப் புரையேறியது. தமிழ் தெரியாத பாக் நாராவும் அப்பாவின் முகத்தைப் பார்த்தே சிரித்தார். நான் சிரித்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம். அண்ணனின் முகம் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. அன்றைக்கு அந்தக் கடையில், அப்பாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மடியெல்லாம் சாம்பாரோடு அவனைப் பார்த்துவிட்டேன்.

வீடு வந்து சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். நான் வாசலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினேன். அப்பா நேராக அடுப்படிக்குப் போனார்.

“என்னாங்க, ஜாசின்லருந்து திரும்பிடுவேன்னு சொன்னீங்களாமே?” என்று அம்மா கேட்டது காதில் விழுந்தது.

“அது கெடக்கட்டும். நம்ம சாமு அசனத்துல மூணு பந்தி உக்காந்தானே, ஞாபகம் இருக்கா?”

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. அப்பா கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். சட்டையை மாற்றிய இடம் போனது. கண்ணாடியை மாட்டிய இடம் போனது. நான் கழற்றிய செருப்பைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

சாம்பார் வாளி கவிழ்ந்த இடத்தில் அம்மா சிரித்தார்.